கடல் கடந்த ராஷோமோன்

ஓவியராக விரும்பிய அகிரா குரோசாவா, 1936ஆம் ஆண்டு உதவி இயக்குநராகத் திரைத்துறையில் நுழைந்தார். 1950இல் அவர் இயக்கிய ‘ராஷோமோன்’, ஒரு சாமுராயின் சாவை நால்வர் நான்கு விதமாகக் கூறும் படம். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவருக்கே கதை விளங்கவில்லை என்பது விந்தைதான். ஆயினும் ஜப்பானில் வாழ்ந்த இத்தாலியப் பேராசிரியை ஜூலியானா ஸ்த்ராமிஜோலி அதன் அருமையை உணர்ந்தார். வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் பரிந்துரைத்தார். படம் அனுப்பப்பட்டதைக் குரோசாவா அறியார். அடுத்து அவர் எடுத்த ‘இடியட்’ கடும் கண்டனத்துக்கு உள்ளானது. கையிலிருந்த வாய்ப்பும் பறிபோயிற்று. மனம் சோர்ந்து தாமா ஆற்றில் மீன்பிடிக்கச் சென்றார். தூண்டில் கயிறும் அறுந்தது. வெறுங்கையுடன் வீடு திரும்பியவரை மனைவி வாழ்த்தி வரவேற்றார். ராஷோமோன் வெனிஸில் தங்கச் சிங்க விருதை வென்றிருந்தது. அடுத்த மூன்றாண்டுகளும் மிசோகுச்சியின் படங்கள் அவ்விழாவில் பரிசு பெற்றன.