திரு.வி.க.வும் அரைமணி உணவு நேரமும்

மேடவாக்கம் கூட்டுரோட்டில் காலை ஏழு மணிக்கு நின்றால் வேலைக்குப் புறப்படும் இரண்டு கூட்டங்களை நாம் காணலாம். ஒரு பக்கம் மெட்ரோ ரயில் பணிக்குப் போகிறவர்கள். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் கனத்த பூட்ஸ், இருட்டிலும் மினுங்கும் பட்டை போட்ட மேற்சட்டை. இன்னொரு பக்கம், தூக்குவாளியோடு மேஸ்திரிக்காகக் காத்திருக்கும் கொத்தனார்களும் சித்தாள்களும். இவர்களுக்குத் தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. சாரம் ஏறும்போது அந்தச் செருப்பும் கீழேயே நின்றுவிடும்.

இதே சாலையில் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டைக்குப் பஸ் பிடிக்கிறவர்களும் உண்டு. நம் பங்குகளிலே அங்கு லேத்திலும் பிரஸ்ஸிலும் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம் இளையோரைக் கேட்டுப் பார்த்தால், தமிழ் அறிஞர், தமிழ்த் தென்றல் என்ற பதில்தான் வருகிறது. பதில் சரியே. எனினும், ஒரு தொழிற்பேட்டைக்கு ஏன் தமிழ் அறிஞரின் பெயரை வைத்தார்கள் என்று நாம் யோசிப்பதில்லை.

திருவாரூர் விருத்தாசல கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் துள்ளம் என்ற சிற்றூரில் பிறந்தார். தண்டலம் என்று இன்று அழைக்கப்படும் ஊர் அது. போரூர், குன்றத்தூர்ப் பக்கம். பெயரில் திருவாரூர் இருந்தாலும் அவர் நம் புறநகர்ப் பிள்ளை. சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படிக்கும்போதே கை கால் முடங்கிப் படுத்துவிட்டார். படிப்பு நான்கு ஆண்டுகள் நின்றது. பிறகு நலம் பெற்று மீண்டும் அதே பள்ளிக்குப் போனார். உடல் ஒத்துழைக்க மறுத்தால் மனிதன் என்ன ஆவான் என்பதைச் சிறுவயதிலேயே அறிந்துகொண்டவர் அவர். பின்னாளில் தொழிலாளரின் உடல்நலம் பற்றி அவர் காட்டிய அக்கறைக்கு இதுவும் ஒரு வேராக இருந்திருக்கலாம் என்பது நம் எண்ணம்.

யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் கற்றார். ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதினார். நாட்டு விடுதலை ஆர்வத்தால் அந்த வேலை நிலைக்கவில்லை. படித்த வெஸ்லி பள்ளியிலேயே ஆசிரியரானார். 1917-ஆம் ஆண்டின் இறுதியில் அதையும் விட்டு 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1912-இல் அவர் மணந்த கமலாம்பிகை 1918-இல் இறந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் ஏற்கெனவே இறந்திருந்தனர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவரது வீடு வெறுமையான அதே 1918-ஆம் ஆண்டில்தான் பெரம்பூர்த் தொழிலாளர்கள் அவர் வாழ்வில் நுழைந்தனர்.

பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளைச் சென்னை மக்கள் பின்னி மில் என்றே அழைத்தனர். அங்கே வேலை செய்தவர்களின் ஒரு நாளை நாம் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1911-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வளர்ந்த ஆண் ஒருவனிடம் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க இடம் தந்தது. விடிவதற்கு முன் வீட்டைவிட்டுப் புறப்பட்டால், இருட்டிய பிறகுதான் திரும்பமுடியும். பஞ்சைப் பிரித்துச் சீவும் பகுதியில் தூசி பனிபோல் மிதக்கும். ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவருக்கு முதலில் வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகும். நாளடைவில் எல்லா நாளும் இறுகும். நூல் அறுந்துபோகாமல் இருக்க நெசவுக்கூடத்தில் ஈரப்பதத்தை வேண்டுமென்றே ஏற்றிவைப்பது ஆலைகளின் வழக்கம். சென்னை வெயிலில் அந்தப் புழுக்கம் எப்படி இருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தறிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. இத்தனைக்கும் நடுவே நண்பகலில் கிடைத்தது அரைமணி நேர இடைவேளை.

அந்த அரைமணிக்குள் இயந்திரத்தை விட்டு வெளியே வர வேண்டும், கை கழுவ வேண்டும், சாப்பிட வேண்டும், மீண்டும் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தேடி வந்தால் இதில் சாப்பிட எத்தனை நிமிடம் மிஞ்சும்? வாயில் போட்டதை மென்று விழுங்கக்கூட நேரமில்லாமல் ஓடினார்கள். தாமதமாக வந்தால் கூலி பிடித்தார்கள். மேலாளர்களின் வசையும் அடியும் தனி.

பெரம்பூரில் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இருவர் ஒரு பக்திச் சபை நடத்தி வந்தனர். ஆலைத் தொழிலாளர் அங்கே வந்து தங்கள் குறைகளைச் சொல்லுவார்கள். அந்தச் சபையில் சமயச் சொற்பொழிவு ஆற்றி வந்தவர்தான் திரு.வி.க. தொழிலாளர் இயக்கத்துக்குள் அவரைக் கொண்டுவந்தது எந்த அரசியல் நூலும் அல்ல. சாமி கும்பிட வந்த இடத்தில் தங்கள் கஷ்டத்தைச் சொன்ன மனிதர்கள்தான் கொண்டுவந்தனர். நம் ஆலய வளாகங்களிலும் திருப்பலி முடிந்தபின் இப்படிப்பட்ட பேச்சுகள் நடக்கத்தான் செய்கின்றன. நாம் நின்று கேட்கிறோமா என்பது வேறு.

1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. முறையாக அமைந்த இந்தியத் தொழிற்சங்கங்களுள் இதையே முதலாவது என்று பலரும் கூறுவர். அன்னிபெசன்ட் அம்மையாரின் தோழரான பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். வாடியா பம்பாய்ப் பார்சி. தொழிலாளரின் தமிழில் அவர்களோடு பேசும் வேலை பெரும்பாலும் திரு.வி.க.வின் தோளில் விழுந்தது. ஆங்கிலத்தில் பேசினால்தான் மேடைக்கு மதிப்பு என்றிருந்த காலத்தில், தறி ஓட்டுகிறவனுக்குப் புரியும்படி சட்டத்தையும் உரிமையையும் நல்ல தமிழில் சொன்னார் அவர்.

சங்கம் முதலில் கேட்டவற்றுள் ஒன்று, நண்பகல் இடைவேளையைச் சற்றே நீட்டித் தரவேண்டும் என்பது. போர்க்காலத்தில் அரிசி விலை ஏறியிருந்தது, கூலி உயர்வும் தேவைப்பட்டது. ஆனாலும் அமர்ந்து சாப்பிடச் சில நிமிடங்கள் என்ற அந்தக் கோரிக்கைதான் நம் மனத்தில் நிற்கிறது. பணிப் பாதுகாப்பு என்றவுடன் நமக்குத் தொப்பியும் கையுறையும் தீயணைப்புக் கருவியுமே நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டும்தான். ஆனால் பசியோடும் களைப்போடும் பத்தாவது மணி நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவனின் விரல் எங்கே போகும் என்று எந்தத் தொப்பியாலும் சொல்ல முடியாது. உணவும் ஓய்வும் பாதுகாப்புக் கருவிகளே என்பதை அந்தச் சங்கம் அனுபவத்தால் கண்டிருந்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் பற்றிய சுற்றுமடலிலும், வேலை நேரம் மனிதனின் உடல் வலிமைக்கு மிஞ்சக் கூடாது, சுரங்கம் போன்ற கடின வேலைகளுக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றிருந்தது. அம்மடல் வெளிவந்தபோது திரு.வி.க.வுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை.

கேட்டது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. கதவடைப்பு, வேலைநிறுத்தம் என்று ஆண்டுகள் சென்றன. 1920 டிசம்பரில் காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தனர். ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அந்த வழக்கின் அதிர்ச்சியே, சங்கம் வைப்பது குற்றமல்ல என்று உறுதிசெய்த 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாயிற்று. வாடியா விலக, பொறுப்பு திரு.வி.க.வின் மேல் கூடியது. 1921-இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆளுநர் வெல்லிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்துவேன் என்று எச்சரித்தார். அவர் ஒதுங்கவில்லை.

அந்த 1921-ஆம் ஆண்டில் ஒரு பெரிய காயமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இவ்வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது. ஆதி திராவிடத் தொழிலாளர் பலர் பட்டினி தாங்காமல் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக்கூடத்தில் ஒரே தூசியைச் சுவாசித்தவர்கள் தெருவில் சாதியாகப் பிரிந்து நின்றனர். எம்.சி.ராஜா ஆதி திராவிடர் பக்கம் நின்று வாதாடினார். கையிருப்பும் கடன் கொடுப்பாரும் இல்லாதவனுக்கு வேலைநிறுத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சங்கத் தலைமை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது. வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

சட்டம் மெல்ல நகர்ந்தது. 1922-இல் நாளுக்குப் பதினொரு மணி, வாரத்துக்கு அறுபது மணி. வேலையில் காயம்பட்டவருக்கு ஈட்டுத்தொகை தரும் சட்டம் 1923-இல் வந்தது. அதற்கு முன் கை போனால் வேலையும் போகும், அவ்வளவுதான். 1934-இல் பத்து மணி. 1946-இல் ஒன்பது மணி, வாரத்துக்கு 48. விடுதலை பெற்ற நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இதை உறுதி செய்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரைமணி ஓய்வு வேண்டும் என்றது. தூசியை உறிஞ்சி வெளியேற்றுவது, சுழலும் பாகங்களுக்கு வேலி போடுவது, குடிநீர், கழிப்பறை, 250 பேருக்கு மேல் உள்ள ஆலையில் உணவகம் எல்லாம் அதில் இருந்தன. இச்சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் முதல் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் வந்துள்ளது.

இடையில் ஒன்று. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. சில நாள்களில், மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டது. 105 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பன்னிரண்டு! திரு.வி.க. இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, வருந்தியிருப்பாரா, நமக்குத் தெரியவில்லை.

ஆனால் சட்டம் எட்டாத இடங்களே நம் பக்கத்தில் அதிகம். 2014 ஜூன் 28, ஒரு சனிக்கிழமை மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலை தேடி வந்த ஏழைகள் அவர்களில் பலர். மவுலிவாக்கம் போரூர்ப் பக்கம்தான், திரு.வி.க. பிறந்த மண்ணின் பக்கத்து மண்.

மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் நம்மில் பலர் சொந்த வீடு கட்டியிருக்கிறோம், கட்டிக்கொண்டும் இருக்கிறோம். தினமும் ஆறேழு பேர் நம் மனையில் வேலை செய்யும்போது நாமும் முதலாளிகளே. சவுக்குக் கட்டைச் சாரத்தின் கயிறு இறுகக் கட்டப்பட்டிருக்கிறதா, சித்தாள் பெண்கள் ஒதுங்க இடம் உண்டா, உச்சி வெயிலில் நிழலில் உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்று கேட்பதை மேஸ்திரியின் வேலை என்று விட்டுவிடுகிறோம். செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஓர் ஆளை அழைத்து உள்ளே இறங்கச் சொல்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. உள்ளே தேங்கிய நச்சுக்காற்றில் ஒருவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் இறந்த செய்திகளை எத்தனை முறை படித்துவிட்டோம். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. பதிவு செய்யாதவருக்கு வாரியத்தின் பல உதவிகள் கிடைப்பதில்லை. படிவம் நிரப்பத் தெரியாமல் பதிவு செய்யாதிருப்பவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள்.

திரு.வி.க. கிறிஸ்தவர் அல்லர், சைவ நெறியில் வளர்ந்தவர். ஆனாலும் 1945-இல் 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்ற பாடல் நூலை இயற்றினார். தச்சர் வீட்டில் வளர்ந்த இயேசுவை அவர் நேசித்ததில் நமக்கு வியப்பில்லை.

1947-இல் ஆலையில் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தது. தாம் வளர்த்த காங்கிரசின் ஆட்சியே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. அப்போது அவருக்கு வயது 64 ஆகப்போகிறது. கண்பார்வை மங்கிப் பின்னர் அறவே போயிற்று. எழுதாமல் அவரால் இருக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1953 செப்டம்பர் 17-ஆம் நாள் உயிர் நீத்தார்.

பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. கிண்டிக்குப் போகும் பஸ்ஸில் அவர் பெயரைச் சொல்லித்தான் இன்றும் பலர் டிக்கெட் கேட்கிறார்கள். பெரும்பாலும் நின்றுகொண்டே போகிறார்கள், மடியில் வைக்க முடியாத சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.