ஃப்ரிடா காலோவின் தோளில் குரங்கு ஏன்? காலை இழந்த ஓவியரும் செல்லப் பிராணிகளும்

மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ என்றதும் நினைவுக்கு வருவது சேர்ந்த புருவமும் தலைநிறைய பூவும்தான். டி-ஷர்ட், மொபைல் கவர் என எங்கும் அந்த முகம். ஆனா, அவர் வரைந்த படங்களில் தோள்மேல் குரங்கும் கிளியும் ஏன் இருக்கு? கதை அவருடைய வலது காலில் தொடங்குது.

ஃப்ரிடா பிறந்தது 1907-ல், கொயோகானில். 6 வயதில் போலியோ வந்து வலது கால் சூம்பிப் போச்சு. 18 வயதில், 1925-ல், அவர் போன பேருந்தும் டிராமும் மோதின. முதுகெலும்பு உடைந்தது, அதே காலில் 11 முறிவுகள். மாதக்கணக்கில் படுத்தபடியே, கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரையப் பழகினார்.

வளவு மாதிரி ஒரு வீடு

அவர் வாழ்ந்தது 'நீல வீடு'. காரைக்குடி வளவு வீடுகளைப் போலவே நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள். வலி கூடிய நாட்களில் அவருடைய உலகமே அதற்குள் சுருங்கிடும். அந்த முற்றத்தில்தான் ஃபுலாங் சாங் என்ற குரங்கு, பொனீட்டோ என்ற கிளி, கிரானிசோ என்ற மான்குட்டி, முடியில்லாத மெக்சிகோ நாய்கள் எல்லாம் வளர்ந்தன. கருச்சிதைவுகளால் குழந்தை இல்லாமல் போன ஃப்ரிடாவுக்கு அவை பிள்ளைகள் மாதிரி. 1946-ல் முதுகில் அறுவைச்சிகிச்சை நடந்த பிறகு, அம்பு தைத்த மானின் உடலில் தன் முகத்தை வைத்து வரைந்தார்.

செல்லங்களாலும் ஈடுகட்ட முடியாதது

1953 ஆகஸ்டில், காலில் சதை அழுகியதால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தாங்க. எத்தனையோ வலிகளைத் தாங்கியவர் இதில் உடைந்துபோனார். செல்லங்களோ ஓவியமோ அந்த மனச்சோர்வை முழுசா விரட்டவில்லை. முதலில் செயற்கைக் காலே வேண்டாம் என்றார். பிறகு சலங்கை கட்டிய சிவப்பு பூட்ஸோடு அதை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். 1954 ஜூலையில், 47 வயதில், அதே நீல வீட்டில் இறந்தார்.

1958-ல் அந்த வீடு அருங்காட்சியகமானது. பூட்டிக் கிடந்த அறை ஒன்றை 2004-ல் திறந்தபோது அவருடைய உடைகளும் மருத்துவப் பொருட்களும் வெளியே வந்தன. அந்தச் சிவப்பு பூட்ஸ் காலை இன்றைக்கும் பார்வையாளர்கள் நின்று பார்க்கிறாங்க. அடுத்த முறை அந்த முகத்தை எங்காவது பார்த்தால், தோள்மேல் இருக்கும் குரங்கையும் கொஞ்சம் கவனிங்க. அது அலங்காரத்துக்கு வரைந்தது இல்லை; கூடவே வாழ்ந்த உயிர்.