மரியா மாண்ட்டிசோரி

மரியா மாண்ட்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 - மே 6, 1952) இத்தாலிய மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். பல நாடுகளின் மழலையர் பள்ளிகளில் பின்பற்றப்படும் மாண்ட்டிசோரி கல்வி முறையை உருவாக்கியவர் இவரே. அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகளிடையே இவர் ஆற்றிய பணியே அம்முறைக்கு அடிப்படையாக அமைந்தது.

இளமை

இத்தாலியின் கியாரவல்லே நகரில் பிறந்தார். 1896 இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் இத்தாலியில் பெண் மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தனர்.

குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பணி

1897 இல் பல்கலைக்கழக மனநலப் பிரிவில் தன்னார்வ உதவியாளராகச் சேர்ந்து, நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் சென்று வந்தார். அறிவுத்திறன் குறைபாடு உடைய குழந்தைகள் கல்வி ஏதுமின்றி அங்கே வைக்கப்பட்டிருந்தனர். இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே முதன்மையான தேவை என்ற முடிவுக்கு மாண்ட்டிசோரி வந்தார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகன் ஆகியோர் புலன்களின் வழியே கற்பிக்கும் முறை பற்றி எழுதிய நூல்களை ஆழ்ந்து கற்றார்.

1898 இல் டூரின் நகரில் நடந்த கல்வி மாநாட்டில் இக்குழந்தைகளின் கல்விக்காக வாதிட்டார். 1900 இல் இவர்களுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி உரோமில் தொடங்கப்பட்டது. மாண்ட்டிசோரியும் மருத்துவர் மோன்தெசானோவும் அதன் இணை இயக்குநர்களாயினர். மரத்தாலான எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவிப் பழகினர். அவர்களுட் சிலர் பொதுப்பள்ளித் தேர்விலும் தேறினர். பலரும் இதனை வியந்தனர். மாண்ட்டிசோரியோ, குறைபாடு இல்லாத குழந்தைகள் அதே அளவிலேயே நிற்பது ஏன் என்று சிந்தித்தார். 1901 இல் அப்பள்ளியை விட்டு விலகினார்.

குழந்தைகள் இல்லம்

1907 சனவரி 6 அன்று உரோமின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. முன்னர்ப் பயன்படுத்திய கருவிகளைத் திருத்தியமைத்து இங்குப் பயன்படுத்தினார். 1909 இல் வெளியான இவரது நூல் இம்முறையைப் பிற நாடுகளுக்கு அறிமுகப்படுத்தியது.

இந்தியாவில்

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 இல் இத்தாலி போரில் இறங்கியதால் பிரித்தானிய அரசு இவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. தாயின் 70 ஆவது பிறந்தநாளையொட்டி அவர் விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்த மாண்ட்டிசோரி 1946 இல் ஐரோப்பா திரும்பினார். நெதர்லாந்தில் காலமானார்.

தாக்கம்

இம்முறை பெரும்பாலும் குறைபாடு இல்லாத குழந்தைகளிடையே பரவியது. யாருக்காக இப்பணி தொடங்கியதோ அவர்கள் நெடுங்காலம் பின்தள்ளப்பட்டனர். 1968 இல் செருமனியின் மியூனிக் நகரில் குழந்தை மருத்துவர் எல்புரூகெ, இரு வகைக் குழந்தைகளும் ஒன்றாகப் பயிலும் மாண்ட்டிசோரி மழலையர் பள்ளியைத் தொடங்கினார். புலன்களுக்கும் கைகளுக்கும் இளவயதிலேயே, குழந்தையின் வேகத்திற்கேற்ப, சிறு சிறு படிகளாகப் பயிற்சி தருவது இன்றைய தொடக்கநிலை இடையீட்டுத் திட்டங்களிலும் காணப்படுகின்றது.