தப்பி ஓடியவர் புனிதரானார்

மணிலா மாநகருக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், பாசிக் ஆற்றைக் கடந்து பினொண்டோவுக்குச் செல்லத் தவறாதீர்கள். கடைகளும் சனக்கூட்டமும் நிறைந்த சீனர் வீதிகளின் நடுவே, எண்கோண மணிக்கோபுரத்தோடு ஒரு கோவிலைக் காண்பீர்கள். 1944இல் விழுந்த குண்டுகளால் அக்கோவில் அழிந்தபோதும், சுவர்களும் கோபுரமும் எஞ்சின. ஒருகாலத்தில் அங்கு பூசைக்கு உதவி செய்த ஒருவரின் பெயரை இன்று அது தாங்கி நிற்கிறது. அவர்தாம் புனித லொறென்சோ றூயிஸ்.

அக்கால மணிலா, சீனத்துப் பட்டும் மெக்சிக்கோ நாட்டு வெள்ளியும் கைமாறிய பெருந்துறைமுகம். கிறிஸ்தவச் சீனருக்கென 1594இல் ஸ்பானியர் ஏற்படுத்திய பினொண்டோவில், சீனத் தந்தைக்கும் தகாலோக் தாய்க்கும் மகனாய்ப் பிறந்தார் லொறென்சோ. தொமினிக்கன் குருமாரிடம் கல்வி கற்றார். எழுத்து வேலை செய்து பிழைத்தார். செபமாலைச் சபையில் சேர்ந்தார். மணமுடித்து, இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் தந்தையானார்.

1636இல் அக்குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. ஒரு ஸ்பானியரின் கொலையில் லொறென்சோவுக்குத் தொடர்புண்டு எனக் குற்றஞ் சாட்டப்பட்டது. உயிர் தப்ப வேண்டித் தொமினிக்கன் குருமார் சென்ற கப்பலில் ஏறிக்கொண்டார். அக்கப்பலோ, கிறிஸ்தவ வேதம் 1614 முதல் தடை செய்யப்பட்டிருந்த யப்பானை நோக்கிச் சென்றது! ஒக்கினாவாவில் இறங்கியவர்கள் சிறைப்பட்டனர். மறு ஆண்டில் நாகசாகிக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அவர் அஞ்சாநெஞ்சர் என எண்ணிவிடாதீர்கள். வேதத்தை மறுதலித்தால் உயிர் தப்பலாமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் அவர் ஒருமுறை வினவினார். மனைவி மக்களின் முகம் அவ்வேளை அவர் கண்முன் தோன்றியிராதா? ஆயினும், நீதிபதிகள் முன் நின்றபோது தாம் கிறிஸ்தவரென்றும், கடவுளுக்காக உயிர்விடத் தயாரென்றும் உறுதியாய்க் கூறினார். 1637 செப்டெம்பர் இறுதியில் குழியொன்றில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு உயிர் நீத்தார். உடல் எரிக்கப்பட்டுச் சாம்பல் கடலில் வீசப்பட்டது. கல்லறைகூட இல்லை.

பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 பெப்ரவரி 18இல் மணிலாவிலேயே அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1987 ஒக்டோபர் 18இல் உரோமையில் புனிதராகவும் பிரகடனம் செய்தார். பிலிப்பைன் நாட்டின் முதற் புனிதர் அவரே.

அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். நம்மைப் போல் குடும்பஸ்தர். வேதசாட்சியாக விரும்பிப் புறப்பட்டவருமல்லர். பயந்தார், தடுமாறினார், ஆனால் கேள்வி எழுந்த வேளையில் விசுவாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை. செப்டெம்பர் 28இல் அவர் திருநாள் வரும்போது, அன்றைய குடும்பச் செபமாலையின் பின் இவ்வரலாற்றை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.