பச்சையப்ப வள்ளலும் அவரது மரணசாசனமும்

சென்ற மாதம் கடத்தூரில் நடந்த நம் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் கலைந்து செல்லுங்கால், முதியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு வினா விடுத்தார். சொந்த உழைப்பால் தாம் தேடிய இரண்டு ஏக்கர் நிலத்தை, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றிற்கு விட்டுவிட அவருக்கு விருப்பம். அதனை உயிலாக எழுதி வைப்பதா, இப்பொழுதே டிரஸ்டு பத்திரம் எழுதுவதா, எழுதிய பின் இடர் வந்தால் திரும்பப் பெற இயலுமா என்பதே வினா. நான் அவருக்குச் சொன்ன விடை பெரும்பாலும் ஒரு பெரியாருடைய சரித்திரமாகவே அமைந்தது. அதனை நேயர்கள் பொருட்டு ஈண்டு வரைகின்றேன்.

சென்னைப் பச்சையப்பன் கல்லூரியின் பெயரை அறியாதார் நம்முள் மிகச் சிலரே. அப்பெயருக்குரிய பச்சையப்ப முதலியார் 1754-ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவர் கருவிலிருக்கும்போதே தந்தையார் விசுவநாத முதலியார் காலஞ்சென்றார். தாயார் பூச்சியம்மாள் தம் மக்களோடு பெரியபாளையத்தில் பிறர் ஆதரவில் நாட்கழித்து, பின்னர்ச் சென்னை சேர்ந்து, பௌனி நாராயண பிள்ளை என்னும் துபாஷியின் நிழலை அடைந்தார். துபாஷி எனில் வெறும் மொழிபெயர்ப்பாளர் என்று எண்ணற்க. கும்பினி உத்தியோகஸ்தருக்கும் வெள்ளை வர்த்தகருக்கும் நம் நாட்டாருக்கும் இடையில் நின்று, கொள்முதலும் கடனும் கணக்கும் தம் பொறுப்பிலேயே நடத்தியவர்கள் அவர்கள். சிறுவர் பச்சையப்பர் அவ்வித்தையை வீட்டிலிருந்தே கற்றார். கணக்கிற் கூர்மையும் வாக்கிற் பிசகாமையும் அவருக்கு மூலதனமாயின. தாமே துபாஷியாகி, தஞ்சைச் சீமையின் விவகாரங்களிலும் ஈடுபட்டு, முப்பது நாற்பது வயதிற்குள் பெருஞ் செல்வரானார்.

ஈட்டியதை அவர் பூட்டி வைத்தாரல்லர். சிதம்பரத்திலும் காஞ்சியிலும் திருப்பணிகள் செய்தார், அன்னதானங்கள் நடத்தினார். தருமம் அவர் கையிலிருந்து நேரே சென்றது. அவர் இருந்தவரையில் அக்கையே அதற்குக் காவல்.

1794-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கும்பகோணத்தில் இருக்கையில் நோய் முற்றியது. ஆண் சந்ததி இல்லை, மனைவியர் இருவர், செல்வமோ பல இடங்களிற் கடனாகவும் ரொக்கமாகவும் பரந்து கிடந்தது. மார்ச்சு 22-ஆம் நாள் மரணசாசனம் எழுதித் தம் பொருளின் பெரும் பகுதியைச் சிவாலய விஷ்ணுவாலயக் கைங்கரியங்களுக்கும் பிற தருமங்களுக்கும் உரித்தாக்கினார். ஒன்பது நாள் கழித்து, 31-ஆம் தேதி, திருவையாற்றிற் சிவபதம் அடைந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதே.

சாசனம் தெளிவாக இருந்தும் தருமம் நடக்கவில்லை. உறவினரும் உரிமை கொண்டாடினோரும் பொருளைக் கையில் வைத்திருந்தோரும் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடினர். எழுதியவர் உயிரோடில்லை, எழுதியதை நிறைவேற்றுக என்று தட்டிக் கேட்க ஒரு சபையுமில்லை. கோயிலிற் படிக்கட்டளைக்குரிய பொருள் வக்கீல்களுக்கும் வட்டிக்கும் இடையில் அலைந்தது. இறுதியில் அட்வொகேட் ஜெனரலாகிய ஜார்ஜ் நார்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இதனைத் தலைமேற்கொண்டு, சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் தருமத்திற்காக வாதாடினார். 1841-இல் தீர்ப்பு முடிவானது. தருமகர்த்தர்களின் சபை அமைந்தது. சாசனத்திற் கூறிய கைங்கரியங்களுக்கு ஒதுக்கியது போக, இத்தனை ஆண்டு வட்டியிற் பெருகி நின்ற மிகுதி கல்விக்கு என்று ஆயிற்று. 1842 ஜனவரி முதல் நாள் பள்ளி திறந்தது. அதுவே வளர்ந்து கல்லூரியானது. வள்ளல் மறைந்து 48 ஆண்டு! அவர் சாசனம் எழுதிய நாளிற் பிறந்த குழந்தை பேரப்பிள்ளை எடுத்திருக்கும்.

அவர் கனவிலும் கண்டிராத ஒரு பள்ளியால் அவர் பெயர் நிலைபெற்றது என்பது வியப்பே. ஆயினும் அந்த நன்மை அவருடைய ஏற்பாட்டால் வந்ததன்று. அயலார் ஒருவரது விடாமுயற்சியால் வந்தது. எல்லாத் தருமத்திற்கும் ஒரு நார்ட்டன் கிடைப்பரோ?

இனி முதியவரின் வினாவிற்கு வருவோம். உயில், எழுதியவர் நல்ல நினைவோடு உள்ளவரை எத்தனை முறையும் மாற்றத்தக்கது. அவர் கண்மூடிய பின்னரே உயிர் பெறுவது. அதனால் அது சரியாய் நடக்கின்றதா என்று அவர் ஒருநாளும் பார்க்க மாட்டார். டிரஸ்டு அப்படியன்று. எழுதிப் பதிவு செய்து நிலத்தைத் தருமகர்த்தர் வசம் ஒப்புவித்தால், அன்றே நடக்கத் தொடங்கும்; பிழை கண்டால் எழுதியவரே இருந்து திருத்துவிக்கலாம். திரும்பப் பெறும் உரிமையைத் தமக்கென்று பத்திரத்தில் வெளிப்படையாய் வைத்துக்கொண்டால் அது ரத்து செய்யத்தக்க டிரஸ்டு. அவ்வாறு வையாவிடின், மனம் மாறியது என்ற ஒன்றையே காரணமாகக் காட்டி மீட்க இயலாது. தனிப்பட்டார் நலனுக்கான டிரஸ்டுகளைப் பற்றி 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு இதனை வகுத்துரைக்கின்றது; பொதுத் தருமத்திற்கு அச்சட்டம் நேரே பொருந்தாதாயினும், முற்றக் கொடுத்த பொருள் மீளாது என்பதே அங்கும் நெறி.

ரத்து செய்யும் உரிமையை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் எழுதியவர் கை அப்பொருளை விட்டு நீங்கவில்லையாதலால், அதன் வருமானத்தை வரி விதிப்போர் அவருடையதாகவே கொள்வர். பிள்ளைகளும் தந்தையாரை நெருக்கி, ரத்து செய்யுங்கள் என்று வற்புறுத்த வழி திறந்தே கிடக்கும். மீளாத டிரஸ்டிலோ அவ்வாயில் அடைபட்டுவிடும். முதுமையில் மருந்துச் செலவிற்குத் தாமே அந்நிலத்தை நாடினாலும் அடைபட்டதுதான். இதனை மறைத்து ஒருவரைப் பத்திரம் எழுதத் தூண்டுவது பாவம். தருமகர்த்தரை நியமித்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்பதுமில்லை. பச்சையப்பர் அறக்கட்டளைக்கே அண்மைக் காலத்தில் உயர்நீதிமன்றம் நிருவாகியை நியமிக்க நேர்ந்தது.

இவ்வளவும் கேட்ட முதியவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின், வெற்றிலைத் தோட்டத்தை ஒட்டிய ஓர் ஏக்கரை மீளாத டிரஸ்டாக இப்பொழுதே எழுதிவிடுவதாகவும், மற்றோர் ஏக்கரைத் தாமும் மனைவியாரும் பிழைத்திருக்கும்வரை கையில் வைத்துக்கொண்டு உயிலில் மட்டும் குறிப்பதாகவும் கூறினார். பெங்களூரிலுள்ள மூத்த மகன் பொங்கலுக்கு வருவானாம். அவன் அறியாமல் எழுதலாகாது என்று, தை பிறந்த பின் நாள் பார்க்கச் சொல்லிச் சென்றார்.