முற்றத்தின் கதவைத் திறந்தவர்

ஏழைக் குழந்தைக்கு உணவளிப்பதை அறம் எனப் போற்றும் உலகம், அக்குழந்தைக்கு விளையாட்டை அளிப்பதை அறமாகக் கருதுவதில்லை. வயிறு நிறைந்தால் போதும், நான்கு எழுத்துக் கற்றால் போதும் என்று எண்ணியே நாம் பழகிவிட்டோம். இவ்வெண்ணத்தை மாற்றத் தம் வாழ்நாளை வழங்கியவர் போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் ஆவார்.

வார்சா நகரில் வளம் மிக்க யூதக் குடும்பத்தில் அவர் தோன்றினார். தந்தையார் வழக்கறிஞர். பிறப்பு உரிய காலத்தில் பதிவு செய்யப்படாமையால் 1878, 1879 என ஈராண்டுகளும் அவர் பிறந்த ஆண்டாகக் கூறப்படுகின்றன. ஹென்றிக் கோல்ட்ஷ்மிட் என்பது இயற்பெயர். கோர்ச்சாக் என்பது எழுத்துலகில் நுழைந்தபோது சூடிக்கொண்ட புனைபெயர்.

வீட்டு முற்றத்தில் ஏழைச் சிறுவர்கள் ஆடிக் களித்தனர். அவர்களோடு கூடி விளையாட இச்செல்வச் சிறுவருக்கு இசைவு இல்லை. ஐந்து வயதில் அவர் தம் பாட்டியிடம் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பணம் என்பதையே உலகிலிருந்து ஒழித்துவிட்டால் கந்தலும் அழுக்கும் பசியும் உடைய குழந்தைகளே இருக்கமாட்டார்கள். அவர்களோடு விளையாடவும் தடையிராது என்பதே அத்திட்டம். பிஞ்சு மனத்தில் விழுந்த இவ்விதையே பின்னாளில் பெருமரமாயிற்று.

தந்தையார் மனநோயுற்று 1896-இல் மறைந்தார். வறுமை வீட்டினுள் நுழைந்தது. பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருளீட்டிக்கொண்டே கோர்ச்சாக் மருத்துவம் பயின்றார்; 1905-இல் பட்டம் பெற்றுக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். செல்வரிடம் மிகுதியாகக் கட்டணம் பெற்று, ஏழையரிடம் ஏதும் பெறாது மருத்துவம் செய்தார்.

எனினும், மருந்து மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்தார். 1904-இலும் 1907-இலும் யூதச் சிறுவர்களையும், 1908-இல் கிறித்தவச் சிறுவர்களையும் கோடை முகாம்களில் அவர் நடத்திச் சென்றார். நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே புல்வெளியில் ஓடினர், காட்டில் திரிந்தனர். சமயம் வேறாயினும் குழந்தைமை ஒன்றே என்பதை அவர் கண்டார். அம்முகாம்களைப் பற்றி இரு நூல்களையும் எழுதினார்.

1912-இல் வார்சாவின் குரோக்மால்னா தெருவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. மருத்துவமனைப் பணியைத் துறந்து அதன் தலைமையை ஏற்றார். ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா என்னும் அம்மையார் அவருக்கு உற்ற துணையாக விளங்கினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த வழக்குமன்றம் இருந்தது. கோர்ச்சாக்கும் அதன்முன் நின்றதுண்டு. குழந்தைகளின் பாராளுமன்றத்திற்கென அவர் வகுத்த விழாநாள்கள் சுவை மிக்கவை. முதற்பனி பொழியும் நாள் பனியில் விளையாடுவதற்குரியது. ஆண்டின் மிகக் குறுகிய பகலன்று, விரும்புவோர் படுக்கையை விட்டு எழவேண்டியதில்லை. மிகக் குறுகிய இரவன்று, விரும்புவோர் உறங்கச் செல்லவேண்டியதில்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கவலையற்ற நாள்களைச் சட்டமாகவே இயற்றித் தந்த பெருமனத்தை என்னென்பது!

நாசிப் படையினர் போலந்தைக் கைப்பற்றியபின், 1940-இல் இல்லம் முழுவதும் மதில் சூழ்ந்த யூதர் அடைப்பினுள் தள்ளப்பட்டது. பசியும் நோயும் அங்கே ஆட்சி செய்தன. முதுமையிலும் கோர்ச்சாக் நாள்தோறும் தெருத்தெருவாக அலைந்து பிள்ளைகளுக்கு உணவு இரந்தார். ஆயினும் உணவோடு அவர் நின்றுவிடவில்லை. அடைப்பினுள் இருந்த கிறித்தவ ஆலயத்தின் தோட்டத்தில் சனிக்கிழமைக் காலைகளில் சற்றே காற்று வாங்கவும் பசுமையைக் காணவும் இசைவு வேண்டிக் குழந்தைகள் பாதிரியாருக்கு மடல் எழுதினர். செடிகளுக்குத் தீங்கு செய்யமாட்டோம் என உறுதியும் அளித்தனர். அம்மடலை எண்ணும்போது நம் நெஞ்சம் நெகிழாதிருக்குமோ?

1942 ஜூலை 18 அன்று அவ்வில்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது நம் நாட்டுக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் இயற்றிய 'அஞ்சல் நிலையம்'. வெளியே செல்லத் தடுக்கப்பட்டுச் சாளரத்தின் வழியே உலகைக் கண்டு மகிழும் நோயுற்ற சிறுவன் அமலின் கதை அது. முற்றத்தில் விளையாட இசைவின்றித் தவித்த சிறுவரே, முதியவரான பின் அந்நாடகத்தைத் தம் பிள்ளைகளுக்குத் தேர்ந்தெடுத்தார். சாவையும் அஞ்சாது ஏற்கும் அமைதியை அவர்களுக்கு அளிக்க விரும்பினார் என்பர்.

மூன்று கிழமைக்குள், ஆகஸ்டு முதல் வாரத்தில், ஏறத்தாழ 200 குழந்தைகள் திரெப்லிங்கா கொலை முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். தாம் மட்டும் தப்பும் வாய்ப்புகள் பலமுறை வந்தும் அவற்றை மறுத்திருந்த கோர்ச்சாக், குழந்தைகளோடு நடந்தார். ஸ்டெபானியாவும் உடன் சென்றார். எவரும் மீளவில்லை. இன்று திரெப்லிங்காவில் நிற்கும் நினைவுக் கற்களுள் தனியொருவரின் பெயர் தாங்கியது ஒன்றே. அதில் அவர் பெயரோடு குழந்தைகளும் குறிக்கப்பட்டுள்ளனர்.

1978-இல் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை ஒன்று வேண்டுமென ஐக்கிய நாடுகள் அவையில் முன்மொழிந்தது அவர் பிறந்த போலந்து நாடே. 1989-இல் நிறைவேறிய அவ்வுடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதனை ஏற்றது. ஐந்து வயதுச் சிறுவர் பாட்டியிடம் சொன்ன கனவு ஏட்டளவில் சட்டமாகிவிட்டது. முற்றங்களின் கதவுகளைத் திறந்து வைக்கும் பணி நம் கைகளில் உள்ளது.