பேய்க்கரும்பும் பெருங்காடும்

வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. அப்பகுதியின் ஆற்றோரங்களில் வெண்பூவேந்தி அசையும் நாணலை மாணவர் பலர் கண்டிருப்பர். எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் கரும்பையும் அறிவர். கரும்பைப் பயிர் என்று போற்றும் நாம் நாணலைக் களை என்று ஒதுக்குகிறோம். ஆயினும் இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாணலுக்குப் பேய்க்கரும்பு என்றும் பெயருண்டு. பட்டினத்தார் கையில் ஏந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பது மரபுவழிக் கதை. அந்த உறவை நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தவர் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்.

இவர் 1897 நவம்பர் 4 அன்று, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். நீதித்துறையில் பணியாற்றிய தந்தை கிருஷ்ணன் செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு மிக்கவர். பெண்களுக்குத் திருமணமே முடிந்த முடிபு எனக் கருதப்பட்ட அந்நாளில், ஜானகி கல்வியையே தேர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1934இல் கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். நியூ கினித் தீவைத் தாயகமாகக் கொண்ட கரும்பு இனிமை மிக்கது. ஆனால் நம் நாட்டின் நோய்களையும் வறட்சியையும் தாங்காது. நாணலோ இனிப்புக் குறைந்தது. எனினும் எந்நிலத்திலும் வேரூன்றி நிற்பது. இரண்டையும் கலந்தே வலிய கரும்பு வகைகள் அங்கு உருவாக்கப்பட்டன. அக்கலப்பினங்களின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்வது அம்மையாரின் பணி. கரும்பைச் சோளம், மூங்கில் முதலான புல்லினங்களோடும் கலந்து ஆய்ந்தார். எவரும் நட்டு வளர்க்காத ஒரு புல், ஒரு நாட்டின் வேளாண்மையைத் தாங்குகிறது என்பதை இங்கு அவர் கண்கூடாகக் கண்டார்.

1939இல் அறிவியல் மாநாட்டிற்காகப் பிரிட்டன் சென்றவர், இரண்டாம் உலகப்போர் மூண்டதால் அங்கேயே தங்கினார். டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945இல் வெளியிட்டார். அதன்பின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அங்கு மலரும் ஒரு மக்னோலியா வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிய அம்மையாரிடம், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. அப்போது உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் காடுகள் அழிக்கப்பட்டு வந்தன. நம் செண்பகத்திற்கு உறவான அரிய மக்னோலியா மரம் ஒன்றைக் காண, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார் அவர். அவ்வட்டாரத்தில் அவ்வகையில் எஞ்சியிருந்தது அந்த ஒரு மரமே. அதுவும் எரிக்கப்பட்டிருந்தது! பசித்த மக்களுக்கு உணவு வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், காட்டோடு அழிவது மரம் மட்டுமன்று, அதன் பயனறிந்த மலைவாழ் மக்களின் அறிவும்தான் என்பதை உணர்ந்தார். 1955இல் பிரின்ஸ்டனில் நடந்த சுற்றுச்சூழல் கருத்தரங்கில் இந்திய மக்களின் தற்சார்பு வாழ்வைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். அக்கருத்தரங்கிற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண்மணி அவர்.

1970 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, மதுரவாயலில் இருந்த களஆய்வகத்தில் மூலிகைகளை ஆராய்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அதன்பின்னும் ஓய்வு கொண்டாரல்லர். பாலக்காட்டை அடுத்த அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழையின் குறுக்கே நீர்மின் அணை கட்டும் திட்டத்திற்கு எதிர்ப்பு வலுத்தது. எண்பது வயதைக் கடந்த அம்மையாரும் எதிர்ப்பாளருடன் சேர்ந்தார். அணை எழுந்தால் மூழ்கிவிடக்கூடிய அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் பணியையும் மேற்கொண்டார்.

1984 பிப்ரவரி 7 அன்று அவர் மறைந்தார். அணைத்திட்டம் கைவிடப்பட்ட அப்பள்ளத்தாக்கு, அதே ஆண்டு நவம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.